போஸ்ட்கிரெஸைப் பின்னணிச் சேவையாக ஓட்டினேன்: தொடங்க வைத்தது ஒரு நாள், ஒழுங்காக நிற்க வைத்தது மூன்று வாரம்

நேற்று இரவு சர்வரை வேண்டுமென்றே மூன்று முறை மறுதொடக்கம் செய்து பார்த்தேன். மூன்று முறையும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தானாக எழுந்து வந்தது, யாரும் ஒரு டெர்மினலையும் திறக்க வேண்டியிருக்கவில்லை, லாகில் "தரவுத்தளம் முறையாக நிறுத்தப்படவில்லை" என்ற வரி ஒரு தடவைகூட வரவில்லை. இந்த இடத்துக்கு வந்து சேர மூன்று வாரத்தில் ஐந்தாறு மாலைப்பொழுதுகளும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் போனது. இத்தனைக்கும் யூனிட் கோப்பு, அதாவது லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டிக்கு நாம் எழுதித்தரும் குறிப்பு, இருபது வரிக்குள்தான் இருக்கிறது. ஒவ்வொரு வரியும் எதற்காக உள்ளே வந்தது என்பது மறந்துபோவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். டெபியன், உபுண்டு, ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் வகைகளில் பேக்கேஜாக நிறுவினால் சர்வீஸ் கோப்பு கூடவே வந்துவிடும், இந்தப் பாடு எதுவும் தேவையில்லை. எனக்கு வேண்டிய பதிப்பு களஞ்சியத்தில் இல்லாததால் மூலநிரலை இறக்கி நானே கம்பைல் செய்தேன். அப்படிச் செய்தால் பைனரிகள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பிஜிஎஸ்கியூஎல் அடைவுக்குள் போய் உட்காருவதோடு சரி. யூசரை உருவாக்குவது, டேட்டா அடைவை அமைப்பது, சர்வீஸ் எழுதுவது எல்லாம் நம் வேலை.

அதுவரை எப்படி ஓட்டினேன் என்றால், ஒரு டிமக்ஸ் சாளரத்தில் (நாம் வெளியேறினாலும் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினல்) பிஜிசிடிஎல் ஸ்டார்ட் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். பல மாதம் அப்படியே ஓடியது. ஒரு நாள் நள்ளிரவில் மின்சாரம் போய் வந்தது, கணினி தானாக எழுந்தது, தரவுத்தளம் எழவில்லை. காலை வரை எந்தப் பயன்பாடும் வேலை செய்யவில்லை. அன்று மாலையே சர்வீஸ் எழுத உட்கார்ந்தேன்.

முதல் கோப்பு ஐந்து நிமிட வேலை. /இடிசி/சிஸ்டம்டி/சிஸ்டம் அடைவில் ஒரு கோப்பு, யூசர் வரியில் போஸ்ட்கிரெஸ் (ரூட்டாக ஓடச் சொன்னால் போஸ்ட்கிரெஸ் மறுத்துவிடும், அது நல்லதுதான்), எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் நான் கையால் அடித்துவந்த அதே பிஜிசிடிஎல் கட்டளை. டைப் என்ற வரியே போடவில்லை. டீமன்-ரீலோடு செய்து ஸ்டார்ட் கொடுத்தேன், பிழை எதுவும் வரவில்லை. ஸ்டேட்டஸ் பார்த்தால் "இனாக்டிவ், டெட்" என்று இருக்கிறது. தரவுத்தள லாகைத் திறந்தால் ஒரே விநாடிக்குள் இரண்டு செய்திகள்: இணைப்புகளை ஏற்கத் தயார், அடுத்து, ஸ்மார்ட் ஷட்டவுன் கோரிக்கை வந்தது. நான் யாரையும் நிறுத்தச் சொல்லவில்லையே என்று அரை மணி நேரம் கான்ஃபிக் கோப்பைத் தோண்டிக்கொண்டிருந்தேன், தவறான இடம்.

நடந்தது இதுதான். டைப் குறிப்பிடாவிட்டால் சிஸ்டம்டி அதை சிம்பிள் என்று எடுத்துக்கொள்ளும், அதாவது நாம் ஓட்டச் சொன்ன புரோகிராமே முக்கியப் புராசஸ், அது முடிந்தால் சர்வீஸே முடிந்தது என்று அர்த்தம். பிஜிசிடிஎல்லின் வேலையோ சர்வரைக் கிளப்பிவிட்டுத் தான் வெளியேறுவது. அது வெளியேறியதும், மீதி இருந்த புராசஸ்களுக்கு சிஸ்டம்டி சிக்டெர்ம் (முடித்துக்கொள் என்னும் சிக்னல்) அனுப்பிச் சுத்தம் செய்துவிட்டது. லாகில் இருந்த அந்த ஷட்டவுன் கோரிக்கை அங்கிருந்துதான் வந்திருக்கிறது. சரி, பிஜிசிடிஎல்லை விட்டுவிட்டு போஸ்ட்கிரெஸ் பைனரியையே நேரடியாகக் கூப்பிட வேண்டும். அப்படி மாற்றும்போது பழக்கத்தில் வரிக்கடைசியில் லாகுக்குத் திருப்பிவிடும் குறியையும், பின்னணிக்கு அனுப்பும் குறியையும் சேர்த்தே எழுதிவிட்டேன். எக்ஸெக்ஸ்டார்ட் ஷெல் இல்லை, அந்தக் குறிகளை அப்படியே போஸ்ட்கிரெஸிடம் நீட்டும், அது தெரியாத ஆர்கியுமென்ட் என்று சொல்லிப் படுத்துவிட்டது. இரண்டையும் எடுத்தேன். லாக் எல்லாம் சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலுக்குத் தானாகப் போகிறது.

இந்த நேரத்தில்தான் போஸ்ட்கிரெஸ் ஆவணத்தில் உள்ள மாதிரி யூனிட் கோப்பைப் பார்த்தேன். முதலிலேயே பார்த்திருக்கலாம். அதில் டைப் நோட்டிஃபை என்று இருந்தது, அதாவது சர்வர் உண்மையிலேயே தயாரானதும் தானே சிஸ்டம்டிக்குச் சேதி சொல்லும், அதன்பிறகுதான் சர்வீஸ் எழுந்ததாகக் கணக்கு. இதை நம்பி இருக்கும் மற்ற சர்வீஸ்களுக்கு இதுதான் சரியான வழி. ஆனால் அதை எழுதி ஸ்டார்ட் கொடுத்ததும் கட்டளை அப்படியே நின்றது. இன்னொரு டெர்மினலில் பார்த்தால் தரவுத்தளம் ஓடுகிறது, வினவலுக்குப் பதிலும் தருகிறது. சரியாக 90 விநாடி கழித்து சிஸ்டம்டி "தொடங்கும் நேரம் தீர்ந்தது" என்று சொல்லி அதை நிறுத்திவிட்டது. இரண்டு முறை கடிகாரம் வைத்துப் பார்த்தேன், இரண்டு முறையும் 90.

காரணம் கம்பைல் செய்த விதத்தில் இருந்தது. கன்ஃபிகர் கட்டளைக்கு வித்-சிஸ்டம்டி என்ற விருப்பத்தைக் கொடுத்திருந்தால்தான் போஸ்ட்கிரெஸுக்கு அந்தச் சேதியை அனுப்பத் தெரியும். 9.6 பதிப்பிலிருந்தே இருக்கும் வசதி, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். பிஜிகான்ஃபிக் கட்டளைக்கு கன்ஃபிகர் என்று கொடுத்தால் எந்த விருப்பங்களோடு கட்டினோம் என்று காட்டும். எனக்கு அந்த விருப்பம் அதில் இல்லை. டெபியன் வகையில் லிப்சிஸ்டம்டி-டெவ், ஃபெடோரா வகையில் சிஸ்டம்டி-டெவெல் பேக்கேஜை முதலில் போட்டுவிட்டு மறுபடி கன்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால். நான்கு கோர்களில் ஏறக்குறைய ஆறு நிமிடம். அதே பதிப்பு என்பதால் டேட்டா அடைவைத் தொட வேண்டியதில்லை. அதன்பிறகு ஸ்டார்ட் கட்டளை இரண்டு விநாடியில் திரும்பியது, ஸ்டேட்டஸ் பச்சையாக "ஆக்டிவ், ரன்னிங்". எனேபிள் செய்துவிட்டு, முடிந்தது என்று நிம்மதியாகத் தூங்கப்போனேன்.

முடியவில்லை. ஆவணத்தில் இருந்த மாதிரியை எழுதும்போது எனக்குப் புரியாத இரண்டு வரிகளை விட்டுவிட்டேன். கில்சிக்னல் சிக்இன்ட் ஒன்று, டைம்அவுட்செக் இன்ஃபினிட்டி இன்னொன்று. கில்மோட் மிக்ஸ்டு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன், ஏதோ எச்சரிக்கை உணர்வில் ரீஸ்டார்ட் ஆன்-ஃபெயிலியர் என்று ஒன்றை நானாகச் சேர்த்தேன். இந்த நான்கும் சேர்ந்து என்ன செய்தன என்பதுதான் இந்தப் பதிவை எழுத வைத்த விஷயம்.

கர்னல் புதுப்பிப்புக்காக ஒரு ஞாயிறு காலை சர்வரை மறுதொடக்கம் செய்தேன். நிறுத்தம் 90 விநாடி இழுத்தது. போஸ்ட்கிரெஸை நிறுத்த மூன்று வழிகள் இருக்கின்றன. சிக்டெர்ம் வந்தால் ஸ்மார்ட், புதிய இணைப்பு எடுக்காது, ஆனால் ஏற்கெனவே இருப்பவர்கள் தாமாகக் கிளம்பும்வரை காத்திருக்கும். சிக்இன்ட் வந்தால் ஃபாஸ்ட், எல்லோரையும் வெளியேற்றி, செக்பாயிண்ட் எழுதி (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை வட்டில் பதித்து), ஒழுங்காக மூடும். சிக்குவிட் வந்தால் இமீடியட், அப்படியே விழுந்துவிடும். சிஸ்டம்டி வேறு சொல்லாவிட்டால் அனுப்புவது சிக்டெர்ம். மிக்ஸ்டு என்று வேறு எழுதியிருந்தேன், அதனால் அந்த சிக்னல் முக்கியப் புராசஸுக்கு மட்டும் போனது. இன்னொரு கணினியில் ஓடும் பயன்பாட்டின் கனெக்‌ஷன் பூல் இருபது இணைப்புகளைப் பிடித்துக்கொண்டிருந்தது, பூல் என்றால் அதன் வேலையே விடாமல் வைத்திருப்பதுதான். போஸ்ட்கிரெஸ் மரியாதையாகக் காத்திருந்தது. 90 விநாடி ஆனதும் சிஸ்டம்டி மொத்தத்துக்கும் சிக்கில் (உடனடியாகக் கொல்லும் சிக்னல்) அனுப்பிவிட்டது.

மின்சாரத்தைப் பிடுங்கியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தரவு போகாது, வால் லாகை (மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் பதிவு) படித்து மீட்டுக்கொள்ளும், அதற்காகத்தான் அது இருக்கிறது. ஆனால் முந்தைய நாள்தான் பெரிய அளவில் தரவு ஏற்றியிருந்தேன், அதற்காக மேக்ஸ்-வால்-சைஸை 32 ஜிபிக்கும் செக்பாயிண்ட் இடைவெளியை 30 நிமிடத்துக்கும் உயர்த்தி வைத்ததைத் திரும்பக் குறைக்கவில்லை. ஏற்றலின் கடைசிப் பகுதி காலையிலும் ஓடிக்கொண்டிருந்தது. படித்து மீட்க வேண்டியது நிறைய. கணினி எழுந்தது, மீட்பு தொடங்கியது. ஜர்னலை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதிப்பு 15-லிருந்து மீட்பின் போக்கைப் பத்து விநாடிக்கு ஒரு முறை எழுதும்: ரீடூ நடக்கிறது, 10 விநாடி ஆயிற்று. 20. 30. 70, 80. பிறகு "தொடங்கும் நேரம் தீர்ந்தது", நிறுத்தம். ரீஸ்டார்ட் வரி இருந்ததால் உடனே மறுபடி தொடக்கம். ரீடூ நடக்கிறது, 10 விநாடி. பழைய அதே செக்பாயிண்டிலிருந்து.

நான்கு சுற்று இப்படிப் போனபிறகுதான் இது தானாக முடியாது என்று உறைத்தது. கிராஷ் மீட்பு பாதியில் வெட்டப்பட்டால் அடுத்த முறை அதே புள்ளியிலிருந்துதான் தொடங்கும். 10 விநாடிக்குள் ஐந்து முறை தோற்றால் சிஸ்டம்டி தானே கைவிட்டுவிடும் என்ற பாதுகாப்பு இருக்கிறது, ஆனால் இங்கே ஒவ்வொரு தோல்வியும் 90 விநாடி எடுத்துக்கொள்வதால் அந்த எல்லையை எட்டவே எட்டாது. விட்டிருந்தால் மாலைவரை சுற்றிக்கொண்டிருக்கும்.

சர்வீஸை ஸ்டாப் செய்துவிட்டு, போஸ்ட்கிரெஸ் யூசராக மாறி, பைனரியைக் கையால் முன்னணியில் ஓட்டினேன். 4 நிமிடம் 10 விநாடியில் மீட்பு முடிந்து "இணைப்புகளை ஏற்கத் தயார்" வந்தது. கன்ட்ரோல்-சி அழுத்தினேன், அழகாக செக்பாயிண்ட் எழுதி மூடியது. அந்த நொடியில்தான் விட்டுவிட்ட வரி விளங்கியது. கன்ட்ரோல்-சி அனுப்புவது சிக்இன்ட். நான் டெர்மினலில் ஓட்டிய காலத்தில் கன்ட்ரோல்-சி எப்போதும் சுத்தமாக நிறுத்தியதும், கில்சிக்னல் வரி செய்வதும் ஒரே காரியம்.

இரண்டு வரிகளையும் போட்டேன். இன்ஃபினிட்டி என்பதைப் பார்த்ததும் முதலில் பயந்ததற்குக் காரணம், ஏதாவது சிக்கினால் கணினியே அணையாமல் நிற்குமே என்பதுதான். அது உண்மைதான், நிற்கும். ஆனால் மீட்புக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கும் தெரியாது, சிஸ்டம்டிக்கும் தெரியாது. தெரியாத ஒன்றுக்குக் கெடு வைத்து, கெடு தீர்ந்தால் கொல் என்று சொல்வதைவிட, சிக்கினால் நானே வந்து பார்க்கிறேன் என்பது மேல் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். இன்னொரு பழக்கமும் வந்தது: திட்டமிட்ட நிறுத்தத்துக்கு முன்னால் செக்பாயிண்ட் கட்டளையை நானே ஒரு முறை ஓட்டிவிடுகிறேன். அப்படிச் செய்யாமல் நிறுத்தினால் என் கணினியில் 40 விநாடி, செய்துவிட்டு நிறுத்தினால் 3 விநாடி.

அடுத்த கோளாறு பூட் வரிசையில். டேட்டா அடைவு தனி வட்டில் இருக்கிறது, வட்டுகளை இணைக்கும் (மவுன்ட்) பட்டியலான எஃப்எஸ்டேபில் அதற்கு நோஃபெயில் போட்டிருந்தேன், வட்டு இல்லாவிட்டாலும் கணினி எழட்டும் என்று. நோஃபெயில் இருந்தால் பூட் அந்த மவுன்ட்டுக்காகக் காத்திருக்காது. ஒரு நாள் போஸ்ட்கிரெஸ் வட்டை முந்திக்கொண்டு வந்து, கான்ஃபிக் கோப்பே இல்லை என்று விழுந்தது. ரிக்வயர்ஸ்-மவுன்ட்ஸ்-ஃபார் என்ற ஒரு வரியில் டேட்டா அடைவின் பாதையைக் கொடுத்தால் போதும், அந்த மவுன்ட் வந்தபிறகுதான் சர்வீஸ் தொடங்கும். இதில் எனக்குப் பதற்றம் தந்தது வேறொன்று: அடைவு காலியாக இருந்தால் இனிட்டிடிபி ஓட்டு என்று ஒரு முன்-வரி சேர்க்கலாமா என்று சில நாள் முன்பு யோசித்திருந்தேன். சேர்த்திருந்தால் வட்டு வராத அன்று, காலி மவுன்ட் அடைவில் புதிதாக ஒரு தரவுத்தளத்தை உருவாக்கி, அதைக் கிளப்பி, பயன்பாடுகளை அதனோடு பேச விட்டிருக்கும். இனிட்டிடிபியைத் தானியங்கியாக எங்கேயும் வைக்கக்கூடாது. மவுன்ட் புள்ளியையே டேட்டா அடைவாக வைக்காமல், அதற்குள் ஓர் உள்ளடைவை வைப்பதும் இதனால்தான் நல்லது. மவுன்ட் அடைவு ரூட்டுக்குச் சொந்தமாக இருந்தால் போஸ்ட்கிரெஸ் அதற்குள் எதையும் உருவாக்க முடியாது.

நெட்வொர்க் விஷயம் இதைவிட நுணுக்கமாக ஏமாற்றியது. லிசன்-அட்ரஸில் லோக்கல்ஹோஸ்டும், கணினியின் உள் நெட்வொர்க் முகவரியும் கொடுத்திருந்தேன். மறுதொடக்கத்துக்குப் பிறகு சர்வீஸ் பச்சை, உள்ளிருந்து இணைய முடிகிறது, வெளியிலிருந்து முடியவில்லை. ஃபயர்வாலைத்தான் சந்தேகப்பட்டேன், ஒரு மணி நேரம் போனது. பூட் நேர ஜர்னலில் ஒரே ஒரு எச்சரிக்கை வரி இருந்தது, அந்த முகவரியில் சாக்கெட் திறக்க முடியவில்லை என்று. கொடுத்த முகவரிகளில் ஒன்றாவது திறந்துவிட்டால் போஸ்ட்கிரெஸ் எச்சரிக்கையோடு தொடர்ந்துவிடும், எதுவுமே திறக்காவிட்டால்தான் விழும். ஆஃப்டர் வரியில் நான் எழுதியிருந்தது நெட்வொர்க் டார்கெட். அது நெட்வொர்க் மேலாண்மை தொடங்கிவிட்டது என்று மட்டும்தான் சொல்கிறது, முகவரி வந்துவிட்டதா என்பது வேறு. நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் வேண்டும், அதுவும் ஆஃப்டர், வான்ட்ஸ் இரண்டிலும் எழுத வேண்டும். ஆஃப்டர் வரிசையை மட்டும்தான் சொல்லும், அந்த டார்கெட்டை இழுத்துவருவது வான்ட்ஸ்.

இதெல்லாம் சரியான பிறகு பத்து நாள் அமைதி. அப்புறம் இரவு ஓடும் அறிக்கை வேலை ஒன்று சில நாள்களில் மட்டும் தோற்க ஆரம்பித்தது, ஷேர்டு மெமரி பகுதியைத் திறக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்பு இல்லை என்று. நினைவகம் தாராளமாக இருந்தது. தோற்ற நேரங்களை ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்தேன்: 2:14, 2:16, 2:14. இரண்டு மணிக்கு போஸ்ட்கிரெஸ் யூசரின் கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் வசதி) பேக்கப் தொடங்குகிறது, முடிவது ஏறக்குறைய அந்த நேரத்தில்தான்.

லாகின்டியில் (யூசர் செஷன்களைக் கவனிக்கும் சிஸ்டம்டியின் பகுதி) ரிமூவ்ஐபிசி என்று ஓர் அமைப்பு இருக்கிறது, இயல்பாக அது இயங்கும் நிலையில் இருக்கும். ஒரு யூசரின் கடைசி செஷன் முடிந்ததும் அவருடைய ஷேர்டு மெமரிப் பொருள்களைத் துடைத்துவிடும். கிரான் வேலை என் கணினியில் ஒரு செஷனாகவே பதிவாகிறது. பேக்கப் முடிந்ததும் "போஸ்ட்கிரெஸ் யூசர் கிளம்பிவிட்டார்" என்று கணக்கிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் சர்வரின் ஷேர்டு மெமரிக் கோப்புகளை /டெவ்/எஸ்எச்எம் அடைவிலிருந்து நீக்கிவிடுகிறது. அந்த நொடியில் பேரலல் வினவல் (பல புராசஸ்கள் பகிர்ந்து செய்யும் வினவல்) ஓடினால் அதன் வொர்க்கர்கள் தேடும் பகுதி காணாமல் போயிருக்கும். வினவல் ஓடாத நாளில் ஒன்றும் தெரியாது. சிஸ்டம் யூசர்களுக்கு, அதாவது பொதுவாக ஐடி 1000-க்குக் கீழே உள்ளவர்களுக்கு, இந்தத் துடைப்பு கிடையாது. நான் போஸ்ட்கிரெஸ் யூசரைச் சாதாரண யூசர்ஆட் கட்டளையில் உருவாக்கியிருந்தேன், ஐடி 1001. பேக்கேஜாக நிறுவியிருந்தால் சிஸ்டம் யூசராகவே உருவாகியிருக்கும்.

ரிமூவ்ஐபிசியை நோ என்று மாற்றுவது சுலபமான வழி. நான் யூசரையே சரிசெய்தேன், அமைப்பு எப்போதாவது பழைய நிலைக்குத் திரும்பினாலும் பாதிக்கக்கூடாது என்பதற்காக. சர்வரை நிறுத்தி, யூசர்மாட் மூலம் ஐடியை மாற்றினேன். அது ஹோம் அடைவின் கோப்புகளுக்கு மட்டும்தான் உரிமையை மாற்றும், வேறு வட்டில் உள்ள டேட்டா அடைவுக்குத் தனியாக சௌன் ஓட்ட வேண்டும். மொத்த நிறுத்தம் 7 நிமிடம். அதன்பிறகு இரவு வேலை ஒரு நாளும் தோற்கவில்லை.

பாதுகாப்புக்காக பிரைவேட்டிஎம்பி வரியைச் சேர்த்தபோது ஒரு சின்னத் தடங்கல்: மூலநிரலிலிருந்து கட்டினால் யூனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் இணைவதற்கான வழி) /டிஎம்பி அடைவில்தான் இருக்கும், சர்வீஸுக்குத் தனி டிஎம்பி கொடுத்ததும் பிஎஸ்கியூஎல் கிளையண்டுக்கு சாக்கெட் கண்ணில் படவில்லை. ரன்டைம்-டைரக்டரி வரி மூலம் /ரன் அடைவுக்குள் ஓர் இடம் ஒதுக்கி சாக்கெட்டை அங்கே மாற்றி, பிஜிஹோஸ்ட் மாறியில் அந்தப் பாதையைக் கொடுத்தேன். ஓஓஎம்-ஸ்கோர்-அட்ஜஸ்ட் -900 வரியும் போட்டேன், நினைவகம் தீரும்போது கர்னல் முதலில் முக்கியப் புராசஸைக் கொல்லாமல் இருக்க.

அடுத்த முறை செய்தால் வரிசையை மாற்றுவேன். முதலில் சிஸ்டம் யூசர், பிறகு வித்-சிஸ்டம்டி கொடுத்து கம்பைல், ஆவணத்தில் உள்ள யூனிட் கோப்பை ஒரு வரியும் விடாமல் அப்படியே வைப்பேன், என் மாற்றங்களை சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் தனி ஓவர்ரைடு கோப்பில் எழுதுவேன். சோதனையையும் காலித் தரவுத்தளத்தில் செய்ய மாட்டேன். சுமை கொடுத்துப் பார்க்கும் பிஜிபெஞ்ச் ஓடிக்கொண்டிருக்கும்போது, இருபது இணைப்புகள் திறந்திருக்கும்போது ஸ்டாப் கொடுத்து எத்தனை விநாடி என்று எழுதிக்கொள்வேன். பிறகு சிக்கில் அனுப்பிச் சாய்த்து, மீட்பு முடிய எத்தனை விநாடி என்று பார்ப்பேன். நேற்றைய மூன்று மறுதொடக்கங்களை, சிக்கில் சோதனை இல்லாமல், அப்படித்தான் செய்தேன், நிறுத்தம் 4, 3, 5 விநாடி. ரீஸ்டார்ட் வரியை இப்போதைக்கு எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பச் சேர்ப்பதற்கு முன்னால், தொடர்ந்து விழுந்தால் எனக்கு மின்னஞ்சல் அனுப்பும் ஆன்-ஃபெயிலியர் யூனிட் ஒன்றை எழுத வேண்டும், அது இந்த வார வேலை.